வானத்தில் ஒரு முந்திரி

என் வேலை வானத்தைச் செய்வது. நான் செய்து முடித்ததும் மற்றவர்கள் அதைக் கழித்துவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் என் மாமியாருக்கு இது புரியவே இல்லை. "கழிச்சுப் போடறதுக்குன்னே ஒருத்தி பொழுதெல்லாம் உட்கார்ந்து ஒண்ணைச் செய்வாளா?" என்று கேட்டார். அத்தை ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். ஆகவே நிலையத்தை வைத்தே அவருக்குச் சொன்னேன்.

"பிளாட்பாரத்துல எப்பவும் ஒரு இரைச்சல் இருக்கும் இல்லையா அத்தை? அது இவ்வளவுதான்னு அச்சு அசலாத் தெரிஞ்சுட்டா, அதை மட்டும் எடுத்துட்டு, மூலையில ஒரு குழந்தை அழற சத்தத்தைத் தனியாக் கேக்கலாம். நான் அந்த இரைச்சலைச் செய்யறவ."

அத்தை இடுப்பில் கை வைத்தார். "அப்ப நீ என் ஜென்ம விரோதி," என்றார். "அந்த இரைச்சலோடதான் நான் காலமெல்லாம் தொண்டை கிழியச் சண்டை போட்டேன்."

நான் செய்யும் இரைச்சல் வெளிச்சத்தால் ஆனது. காமா கதிர்களைப் பார்க்கத் தெரிந்த ஒரு செயற்கைக்கோளின் கண்ணில் வானம் முழு இருட்டாக இருப்பதே இல்லை. பால்வீதி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மங்கலாக ஒளிர்கிறது. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடிக்கிறது. அதிலிருந்து தெறித்த புரோட்டான்கள், காந்தப் புலங்கள் இழுத்த பக்கமெல்லாம் திரும்பி, ஊர் பேர் மறந்த பயணிகளைப்போல லட்சக்கணக்கான ஆண்டுகள் அலைகின்றன. அவற்றைத்தான் காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். அலைகிற வழியில் ஒரு வாயு மேகத்தில் மோதினால் ஒரு துளி காமா ஒளி பிறக்கிறது. எத்தனை கதிர்கள், எவ்வளவு தூரம் அலைந்தன, வழியில் எங்கே எவ்வளவு வாயு என்று தெரிந்தால், வானம் எப்படி ஒளிரவேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கு வானத்தை நிஜ வானத்திலிருந்து கழித்தால் வருவது மிச்சப் படம். புதிதாக ஏதாவது இருந்தால் அது மிச்சத்தில்தான் இருக்கும்.

எங்கள் குழுவில் வாயு என் பொறுப்பு. எங்கள் வானத்தில் இருக்கும் மேகம் ஒவ்வொன்றும் என் கை வழியாகப் போனது. நான் என் மேகங்களை நம்புகிறேன். இதைத் தலைக்கனம் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

அப்படி முதலில் சொன்னவள் குருவி. குருவி என் நாத்தனார். அதற்கு முன்பே அவள் என் தோழி. ஆய்வகத்தில் எனக்கு மேல்தளத்தில் அவள் மேசை. ஒருநாள் நாங்கள் இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டோம். கதவை நெம்பித் திறந்த மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்து, "நீயா? உன்னை விட்டுட்டு இவங்களை மட்டும் ஏத்திவிடட்டுமா?" என்றார். அவளுடைய அண்ணன். அப்படித்தான் எனக்குக் கணவர் கிடைத்தார். அன்றிலிருந்து குருவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு 'அண்ணி' என்றாள். முதலில் கேலிக்கு. பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது.

குருவிக்கு வானத்தில் ஒரு முந்திரி இருந்தது.

பெரிய இளம் நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறந்த ஓர் இடம் அது. அவற்றின் காற்று சுற்றியிருந்த வாயுவை ஊதித் தள்ளி ஒரு குழியை உண்டாக்கியிருந்தது. வெப்பக் கதிர்ப் படத்தில் அந்தக் குழி அப்படியே முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்து, ஒரு முனையில் சின்ன வாலோடு தெரியும். அங்கே பிறக்கும் காஸ்மிக் கதிர்கள் உடனே ஊர் சுற்றக் கிளம்பிவிடாது, கொஞ்ச காலம் பிறந்த வீட்டிலேயே சுழலும் என்பது குருவியின் கட்சி. வீட்டில் இருக்கும்வரை அவை இளமையாக, வீரியமாக இருக்கும். ஆகவே முந்திரி காமா ஒளியில் தனியாக ஒளிரவேண்டும். செயற்கைக்கோளின் பதிவுகளை எடுத்து, எங்கள் வானத்தைக் கழித்து, அவள் தேடினாள். இருட்டு. பதிவுகள் சேரச் சேரத் திரும்பவும் தேடினாள். இருட்டு.

சாயங்காலம் அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது சமையலறை ஜன்னலில் ஆவி படியும். குருவி பேசிக்கொண்டே விரலால் அதில் முந்திரியை வரைவாள், வாலோடு சேர்த்து. அத்தை தினமும் ஏதாவது சொல்வார்.

"முந்திரிக்கு வால் எங்கடி இருக்கு? எலிக்குட்டின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"அந்த வால்லதாம்மா விஷயமே இருக்கு. கதிர் வெளியே கசியற வழி அது."

"கசிஞ்சா தெரியணுமே."

ஆவி கரைந்து முந்திரி தண்ணீராக வழியும்.

கடைசியில் ஆய்வை விட்டுவிடுவதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள். வேறோர் ஊரில் ஒரு பள்ளி அவளை இயற்பியல் ஆசிரியையாகக் கூப்பிட்டிருந்தது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் வந்தன. போவதற்கு முன் ஒரே ஒரு கட்டுரை எழுதி அனுப்பிவிடுவாள். முந்திரியில் ஒளி இல்லை, இத்தனைக்கு மேல் இருக்க வாய்ப்பும் இல்லை என்று. "இல்லைன்னு சொல்றதும் அறிவியல்தான் அண்ணி," என்றாள். சரிதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்தாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை எங்கள் குழுவில் துவைக்கும் நாள்.

புதிய வானத்தை வெளியிடுவதற்கு முன் நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் அது. மாதிரி வானம் ஒரே படமல்ல, பல அடுக்குகள். வாயு ஓர் அடுக்கு, எலெக்ட்ரான்கள் நட்சத்திர ஒளியை உதைத்துக் காமாவாக்குவது இன்னோர் அடுக்கு, இப்படி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். அழுக்கு தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, பெரிய திரையில் போட்டு, எல்லோரும் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்து குறை சொல்வோம். கேப்டன்தான் நடத்துவார். குழுவின் தலைவிக்கு அந்தப் பட்டத்தை யார் வைத்தார்களோ, அவர் நடையைப் பார்த்தால் அது பொருத்தம் என்று தெரியும்.

என் வாயு அடுக்கில் யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை. நான் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்து உட்கார்ந்தேன்.

கடைசி அடுக்குக்குப் பெயர் 'ஒட்டு'. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நிஜ வானத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் இருக்கும். அந்த வித்தியாசத்தை நன்றாக மழுங்கடித்து, ஒரு துண்டுத் துணிபோல மாதிரியிலேயே தைத்துவிடுவோம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் வானத்தில் எவ்வளவு மறையுமோ, அதைவிடப் பெரிய பரப்புகளுக்கு மட்டும்தான் ஒட்டு போடலாம் என்பது விதி. சின்னதாக ஏதாவது ஒளிர்ந்தால் அது யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பாக இருக்கலாம், அதைத் தொடக்கூடாது. ஒட்டைத் திரையில் போடும்போது பாதிப் பேர் எழுந்து கோப்பை கழுவப் போய்விடுவார்கள். மங்கல் திட்டுகள், அவ்வளவுதான், பார்க்க ஒன்றுமில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. கடைசி ரொட்டித்துண்டு என் தட்டில் இருந்தது. அதை மென்றுகொண்டே பால்வீதிப் பட்டையின் இடது பக்கம் பார்த்தேன். வானக் கணக்கில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு திட்டு. வளைந்திருந்தது. ஒரு முனையில் வால்.

சமையலறை ஜன்னலில் தினமும் பார்க்கிற உருவத்தை எந்தத் திரையில் கண்டாலும் அடையாளம் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். நாங்கள் ஒரு முந்திரியை வானத்திலேயே மறைத்திருந்தோம்.

"கேப்டன், அந்த இடத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க," என்றேன்.

பெரிதாக்கினார். அறையில் இருந்தவர்களுக்கு அது வெறும் திட்டு. நான் எல்லோரும் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். குருவி தேடுகிற ஒளி ஒட்டு அடுக்கில் இருக்கிறது. அவள் எங்கள் வானத்தைக் கழிக்கும்போதெல்லாம் தன் ஒளியையும் சேர்த்தே கழித்துவிடுகிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள்.

கேப்டன் நெற்றியைத் தேய்த்தார். "முஷ்டிக்குக் கீழ ஒட்டு போட மாட்டோமே."

"இங்க போட்டிருக்கு."

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். பிறகு மெதுவாக, "பழைய வெளியீடு ஒண்ணுல, நீ வர்றதுக்கு முன்னாடி, இந்தப் பட்டையில மட்டும் மிச்சம் ரொம்ப அசிங்கமா இருந்துச்சு," என்றார். "இங்க மட்டும் தையலைக் கொஞ்சம் நெருக்கினோம். அடுத்த தடவை பிரிச்சுடலாம்னு நெனச்சோம். அடுத்த தடவை யாரு ஞாபகம் வச்சுக்கறா? பழைய ஒட்டு மேலயே புது ஒட்டு."

"பிரிச்சுடலாம்."

"பிரிச்சா அங்க ஒரு கறை வரும். வெளியீடு அடுத்த வாரம். சரி, அதுகூடப் பரவாயில்ல. ஆனா அந்தக் கறை முந்திரிதான்னு எப்படிச் சொல்வ? உன் வாயு அங்க குறைச்சலா இருந்தாலும் அதே கறைதான் வரும்."

"என் வாயு குறைச்சலா இருக்காது."

"வால் பக்கம்?"

அது நியாயமான கேள்வி. ரேடியோவில் பார்த்து வாயுவை அளக்கிறோம். ஆனால் சில குளிர்ந்த மேகங்கள் ரேடியோவுக்குச் சிக்காமல் ஒளிந்துகொள்ளும். தூசியை வைத்துத்தான் அவற்றைப் பிடிக்கமுடியும். வாயு இருக்கும் இடத்தில் தூசியும் இருக்கும். வால் பக்கம் அந்த வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்யவேண்டியிருந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள தூசிப் படத்தை வச்சு அந்த இடத்து வாயுவைத் திரும்பச் செய்யறேன்," என்றேன். "செயற்கைக்கோள் பதிவுல அந்த இடத்தை மூடி வச்சுடுங்க. நான் பாக்க மாட்டேன். கதிர் எவ்வளவுங்கறதை மத்த வானத்துலேர்ந்து எடுத்துக்கறேன். முடிச்சதும் திறங்க. வாயுதான் காரணம்னா கறை போயிடும். போகலைன்னா அது அவளோடது."

"நீ என்ன நெனைக்கிற?"

"போகாது."

கேப்டன் சிரித்தார். "நாத்தனாருக்காகப் பண்றன்னு ஊரே சொல்லும். தெரியுமில்ல?"

"அதனாலதான் மூடச் சொல்றேன்."

"அப்ப வாயையும் மூடிக்கோ. வீட்டுல ஒரு மூச்சு விடக்கூடாது. திறக்கும்போது அவளும் எதுவும் தெரியாமத்தான் பாக்கணும். அவ கண்ணும் சாட்சியா வேணும்."

நான் ஒப்புக்கொண்டேன். என் கணிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பெட்டியில் புத்தகங்களை அடுக்குகிற ஒருத்தியிடம் வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே அது தெரிந்துவிட்டது. முடியாது.

"குருவி, அந்தக் கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்பாத," என்றேன், ஒரு ஆம்லெட்டைக் கல்லில் போட்டுவிட்டு அடுத்த முட்டையை உடைத்துக்கொண்டே.

"ஏன்?"

"எங்க புது வானம் வரட்டும். அதை வச்சு ஒரு தடவை பாரு."

அவள் கையில் ஒட்டும் டேப்பு இருந்தது. அதைச் சர்ரென்று இழுத்தாள். "உங்க வானம் எத்தனை தடவை புதுசா வந்தாலும் என் இடத்துல இருட்டுதான் அண்ணி. ஒவ்வொரு தடவையும் நீங்க இதேதான் சொன்னீங்க. நான் ஒவ்வொரு தடவையும் நம்பினேன்."

"இந்தத் தடவையும் நம்பேன்."

"உங்களுக்கென்ன, உங்க மேகம் ஜோரா இருக்குன்னு எல்லாரும் கைதட்டுவாங்க. கழிச்சப்புறம் என் தட்டுல என்ன விழுதுன்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. முட்டை ஓடு கலவையில் விழுந்தது. அதை விரலால் தேடிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, எண்ணெய்க் கையைக் கழுவக் குழாயடியில் நின்றார். "என்ன, ரெண்டு பேரும் கிரகணம் பிடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

"உன் பொண்டாட்டி கட்டுரையை அனுப்ப வேணாம்னு சொல்றாங்கண்ணா. காரணம் சொல்ல மாட்டாங்களாம்."

"சொல்லேன்," என்றார் என்னிடம்.

"சொல்ல முடியாது."

"சரி, அவ சொல்ல முடியாதுங்கறா," என்றார் தங்கையிடம்.

"உனக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாதா?"

"இருக்கு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு." அவர் துண்டை எடுத்துக்கொண்டு நழுவினார்.

கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது, நிலையத்துக் குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக: "பயணிகளின் கவனத்திற்கு. முட்டை கருகும் வாசனை வருகிறது."

குருவி சிரிக்கவில்லை. அவள் ஜன்னலில் அன்று எதையும் வரையவும் இல்லை.

அடுத்த இரண்டு நாட்களும் நான் தூசியோடு வாழ்ந்தேன். தூசிப் படம் பார்க்க அழகானது. புகைபோல, கிழிந்த வலைபோல விரிந்திருக்கும். ரேடியோ காட்டும் வாயுவை அதோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாமல் தூசி மட்டும் கூடுதலாக இருக்கும் இடத்தில் ஒளிந்த மேகம் இருக்கிறது. முந்திரியின் உடல் பக்கம் தூசி கிட்டத்தட்ட இல்லை, குழி அல்லவா? வால் பக்கம் இருந்தது. நான் நினைத்ததைவிட அதிகமாகவே.

அப்போது ஒரு கணம் கை நின்றது. இந்த மேகத்தைச் சேர்த்தால் வால் என்னுடைய வாயுவாகிவிடும். குருவி இத்தனை காலம் பிடித்துத் தொங்கிய வால். சேர்க்காமல் விட்டால் அவளுக்கு ஒளி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் அப்படிக் கிடைப்பது ஒளி அல்ல, என் கவனக்குறைவு. அதைப் பரிசாக வாங்கிக்கொண்டு அவள் ஊருக்கெல்லாம் காட்டுவாள். வேறு யாராவது ஒருநாள் தூசியைப் பார்ப்பார்கள். இருட்டைவிட அது மோசம். நான் மேகத்தைச் சேர்த்தேன், அதன் எடை எவ்வளவோ அவ்வளவு.

வியாழக்கிழமை மதியம் கேப்டன் குருவியைக் கீழே கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்த்துவிட்டுக் கேப்டனைப் பார்த்தாள்.

"உன் கண்ணு கொஞ்சம் வேணும்," என்றார் கேப்டன். "இங்க மூணு துண்டு வானம் இருக்கு. எல்லாம் மிச்சப் படம். எங்கேயோ வெட்டி, எப்படியோ திருப்பி வச்சிருக்கேன். எதுலயாவது ஏதாவது தெரியுதான்னு சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

"இது என்ன கண் டாக்டர் சோதனையா?"

"அப்படியே வச்சுக்கோ."

எனக்கும் அவை எங்கே வெட்டியவை என்று தெரியாது. முதல் துண்டு திரையில் வந்தது. உப்பைத் தூவியதுபோல வெறும் புள்ளிகள். "ஒண்ணுமில்ல," என்றாள் குருவி. இரண்டாவது துண்டிலும் ஒன்றுமில்லை.

மூன்றாவது துண்டின் நடுவில் ஒரு வெளிச்சம் இருந்தது.

குருவி ஓரடி முன்னால் வந்தாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள், போதவில்லை, இன்னும் சாய்த்தாள். காது தோளைத் தொட்டது. உண்மையாகவே கிளையில் உட்கார்ந்த குருவி மாதிரி இருந்தாள்.

"இது எங்கேர்ந்து எடுத்தது?"

"நீ சொல்லு," என்றார் கேப்டன்.

"இது என் முந்திரி." விரலைத் திரையில் வைத்தாள். "ஆனா இதுக்கு வால் இல்ல. முந்திரின்னா வால் இருக்கணும். வேற எதையாவது காட்டி என்னை ஏமாத்தறீங்களா?"

கேப்டன் படத்தை நேராகத் திருப்பி, எந்த இடம் என்பதைக் காட்டும் கோடுகளைப் போட்டார். அவளுடைய இடம்தான். வெப்பக் கதிர்ப் படத்தில் இருக்கும் குழியின் ஓரத்தை மேலே வைத்தார். ஒளி குழிக்குள் வார்த்ததுபோல உட்கார்ந்தது. நான் ஒட்டு அடுக்கில் பார்த்ததையும், பதிவுகளை மூடிவைத்து வாயுவைச் செய்ததையும், வால் எங்கே போனது என்பதையும் சொன்னேன்.

"வால் மேகம்தான் குருவி. ஒளிஞ்சிருந்த மேகம். சாதாரணக் கதிர் மோதி சாதாரணமா ஒளிருது."

"என் வாலைச் சாப்பிட்டுட்டீங்க."

"ஆமா."

"வேலியே பயிரை மேஞ்ச கதையா, இத்தனை நாளா முழுசாத் தின்னது போதாதுன்னு இப்ப வாலை மட்டும் தனியா."

"உடம்பைத் திருப்பிக் குடுத்துட்டேன் இல்ல?"

அவளுக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டிருந்தாள். "ஆற்றலைப் பிரிச்சுக் காட்டுங்க கேப்டன். மூணாப் பிரிங்க. கீழ, நடு, மேல."

இதுதான் நிஜமான கேள்வி. ஊர் சுற்றிக் களைத்த பழைய கதிர்கள் என்றால், ஆற்றல் கூடக்கூட ஒளி சட்டென்று மங்கிவிடும். பிறந்த வீட்டைவிட்டு இன்னும் கிளம்பாத இளங்கதிர்கள் என்றால் அவ்வளவு சீக்கிரம் மங்காது. கேப்டன் மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒப்பிடுவதற்காகப் பக்கத்திலேயே வாலின் மேகத்தையும் கழிக்காமல் வைத்தார்.

முதல் படத்தில் மேகமும் முந்திரியும் சமமாக ஒளிர்ந்தன. இரண்டாவதில் மேகம் மங்கியது. மூன்றாவதில் மேகம் காணாமல் போயிருந்தது. முந்திரி மட்டும் இருந்தது.

"அடப்பாவி," என்றாள் குருவி, முந்திரியைப் பார்த்து. "இத்தனை நாள் இங்கதான் இருந்தியா?"

கேப்டன் நாற்காலியில் சாய்ந்தார். "ஒட்டைப் பிரிச்சே வெளியிடறோம்," என்றார் என்னிடம். "அந்த இடத்துல கறை தெரியட்டும். 'இது எங்க வாயு இல்ல, இங்க வேற ஏதோ இருக்கு'ன்னு ஒரு வரி எழுது. பட்டை முழுக்க மத்த ஒட்டையும் பிரிச்சுப் பாக்கணும். வேற யாரோட என்னத்தையெல்லாம் தின்னு வச்சிருக்கோமோ." பிறகு குருவியிடம் திரும்பினார். "நாளைக்கு ஒரு கட்டுரை அனுப்பறதா இருந்தியாமே?"

"தலைப்பை மாத்தணும்," என்றாள் குருவி.

"தலைப்பு மட்டுமா?"

"இல்ல. முதல் வரியிலேர்ந்து."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, சலவைக்கடையைத் தாண்டி, எங்கள் தெரு முனைவரை வந்த பிறகு நின்றாள்.

"அந்த மேகத்தைச் சேர்க்காம விட்டிருந்தா வாலும் இருந்திருக்கும் இல்ல அண்ணி?"

"இருந்திருக்கும்."

"சேர்க்கும்போது உங்களுக்கு முந்திரி நிக்குமா போகுமான்னு தெரியாது. எல்லாமே போயிருக்கலாம்."

"தெரியாதுதான். ஆனா நிக்கும்னு நெனச்சேன்."

"எப்படி?"

"உன்னைத் தெரியும். என் வாயுவையும் தெரியும்."

அவள் என் தோளில் ஓர் இடி இடித்தாள். "தலைக்கனம்," என்றாள்.

அத்தையிடம் அவளே சொன்னாள், கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, கைகளை ஆட்டி ஆட்டி. அத்தை முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் கேட்டிராத அளவுக்குக் குரலை உயர்த்தினார்.

"பயணிகளின் கவனத்திற்கு. நெடுநேரம் தாமதமாக வந்துகொண்டிருந்த முந்திரி இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. வால் பெட்டி இணைக்கப்படவில்லை. தாமதத்திற்கு உங்கள் அண்ணி வருந்துகிறார்."

மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் அலமாரிக்குப் பின்னால் நின்று சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்து, "இதுல இருக்கறது என் ஸ்பேனர். இதை எதுக்குடி உன் ஊருக்குக் கட்டினே?" என்றார்.

"உன் ஞாபகமா இருக்கட்டும்னுதான்."

"எனக்கு வேலையே போயிருக்கும்."

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லப்போற?" என்று கேட்டேன்.

"உண்மையைத்தான். காணாமப்போன ஒண்ணு கிடைச்சுடுச்சுன்னு. புரிஞ்சுப்பாங்க. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவங்கதானே?" அவள் கொஞ்சம் தயங்கினாள். "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அந்தப் பிள்ளைங்களுக்கு முந்திரியைக் காட்டறேன்னும் சொல்வேன்."

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஆவி திரையாகப் படிந்திருந்தது. குருவி போய் விரலால் வரைந்தாள். வளைந்த முதுகு, வளைந்த வயிறு. பழக்கத்தில் விரல் வாலுக்கும் போனது. நின்றது. திரும்பி வந்தது.

எங்கள் வீட்டில் ஆவி படிந்தால் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. இல்லையென்றால் சட்டத்தில் தண்ணீர் தேங்கி மரம் ஊறிவிடும். துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, அதை மட்டும் விட்டுடுங்க."

சரி என்று சுற்றிலும் துடைத்தேன். மூலைகளை, ஓரங்களை, வால் இருந்திருக்கவேண்டிய இடத்தை. கண்ணாடி தெளிந்து வெளியே தெருவிளக்கு தெரிந்தது. நடுவில், ஆவியால் ஆன ஒரு முந்திரி வெள்ளையாக மிஞ்சியிருந்தது.